டில்லியில் நவராத்திரி ராமாயணம்: நல்ல இடத்தில், கையைக் கடிக்காத செலவில் பார்ப்பது எப்படி?

நவராத்திரி வந்துவிட்டால் டில்லியில் ஏதாவது ஒரு மைதானத்தில் ராவணன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். மைக் வைத்துச் சிரிப்பான், ராத்திரி பத்து மணி தாண்டியும் சிரிப்பான். கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கொலு, சுண்டல், வெற்றிலை பாக்கு என்று அந்த நாட்களை வீட்டோடு கழித்துவிட்டு, இந்தச் சிரிப்பை ஜன்னல் வழியாகக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தி சரியாக வராது, எங்கே போவதென்று தெரியாது, நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த ராமாயணம் என்று முடிவு செய்யுங்கள்

இங்கே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மைதானத்து ராம்லீலா. செங்கோட்டைக்கு எதிரே உள்ள மைதானங்கள், ராம்லீலா மைதானம், அப்புறம் உங்கள் காலனி பூங்கா என்று ஊர் முழுக்க நடக்கும். கதை பத்து ராத்திரிக்கு நீளும். ஒரு நாள் வில் முறிப்பது, ஒரு நாள் காட்டுக்குப் போவது என்று தினம் ஒரு பகுதி. கடைசியில் தசரா அன்று ராவணன், கும்பகர்ணன், மேகநாதன் மூவருக்கும் கொளுத்தப்படும் பொம்மைகள். மேகநாதன் என்றால் நம் இந்திரஜித்துதான். பெரும்பாலும் இலவசம். வட இந்தியா முழுக்கப் பரவியிருக்கும் இந்த ராம்லீலா மரபு 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இன்னொன்று, மண்டி ஹவுஸில் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா நடத்தும் நாட்டிய நாடகம். 1957 முதல் நடக்கிறது. ராமன் பிறப்பிலிருந்து பட்டாபிஷேகம் வரை ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள். மாலை ஆறரை ஏழு மணி வாக்கில் ஆரம்பித்தால் ஏறத்தாழ இரண்டரை, மூன்று மணி நேரம். கதகளி, பரதம், ஒடிசாவின் மயூர்பஞ்ச் சௌ என்று பல ஆட்ட முறைகள் கலந்திருக்கும். இதற்கு டிக்கெட் உண்டு.

முதல் தடவை என்றால் என் ஓட்டு மண்டி ஹவுஸுக்குத்தான். மைதானத்து ராம்லீலாவில் நீளநீளமாக இந்தி வசனம் பேசுவார்கள், அது புரியாவிட்டால் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடும். நாட்டிய நாடகத்தில் அந்தக் கவலை இல்லை. மாரீச மான் துள்ளி ஓடும்போது அது என்ன என்று எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 2: தேதி

காசு மிச்சமாவதற்கும் நல்ல இடம் கிடைப்பதற்கும் பாதிக் காரணம் தேதிதான். பெரும்பாலான வருடங்களில் கேந்திராவின் நிகழ்ச்சி நவராத்திரி முதல் நாள் தொடங்கி, தசரா முடிந்த பிறகும் தீபாவளிக்குச் சில நாள் முன்புவரை ஓடும். ராவணனை எரித்தாகிவிட்டது, ராமாயணம் முடிந்தது என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரம்தான் நமக்கு வேண்டியது. அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் சேரும். சப்தமி, அஷ்டமி, நவமி மாலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாரத்தில் ஏதாவது ஒரு நாள் விடுமுறை விடுவார்களா என்பதையும் அந்த வருடத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் நவராத்திரியின் முதல் மூன்று நாளில் போய்விடுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வருவதும் அப்போது குறைவாகத்தான் இருக்கும்.

படி 3: எந்த இடத்தில் உட்காருவது

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. விலை அதிகமான இருக்கைதான் நல்ல இருக்கை என்று நினைத்துத்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். நாட்டிய நாடகத்துக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

முன்வரிசையில் உட்கார்ந்தால் முகம் நன்றாகத் தெரியும், ஒப்பனையின் வேர்வைகூடத் தெரியும். ஆனால் வானர சேனை இருபது பேர் அரைவட்டமாகச் சுழலும்போது அந்த அரைவட்டம் தெரியாது, உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வானரங்கள்தான் தெரியும். மேடை உயரமாக இருந்தால் கழுத்தும் வலிக்கும். கூட்டாட்டத்தின் வடிவம் கண்ணில் விழ வேண்டுமானால் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வேண்டும். நடுப்பகுதி, நடு வரிசைகள், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது டிக்கெட் தளத்தில் இருக்கை வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். விலைக்கு ஒரு நிறம் போட்டிருப்பார்கள். ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் கோடு எங்கே என்று தேடுங்கள். கோட்டுக்கு முன்னால் இருக்கிற வரிசைக்கு ஒரு விலை, பின்னால் இருக்கிற வரிசைக்குக் குறைந்த விலை. இரண்டுக்கும் நடுவே தூரம் ஒரு கை நீளம்தான். அந்தக் கோட்டுக்கு உடனே பின்னால், மேடைக்கு நேர் எதிராக இருக்கும் இருக்கைகளைத்தான் முதலில் தொட வேண்டும். இரண்டு பகுதிக்கும் நடுவே நடைபாதை விட்டிருந்தால் இன்னும் நல்லது, முன்னால் தலை மறைக்காது. குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: விலை உயர்ந்த பகுதியின் ஓரத்து இருக்கைகள். முன்வரிசை விலை கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே உட்காருவதைவிடக் கடைசிப் பகுதியின் நடுவில் உட்காரலாம்.

ஒலிக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியிலும் பார்வையாளர்களுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு, ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தன் காதில் எப்படி விழுகிறது என்பதை வைத்துத்தான். அதனால் அவருக்கு நேர் முன்னால் உள்ள வரிசைகளில் பாட்டு தெளிவாக விழும்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நடுப்பகுதியிலேயே நடைபாதையை ஒட்டிய இருக்கை எடுங்கள். அப்பாவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தால் பத்துப் பேர் முழங்காலை இடித்துக்கொண்டு போக வேண்டாம் பாருங்கள்.

படி 4: டிக்கெட் எடுப்பது

புக்மைஷோ போன்ற தளங்களில் எடுக்கலாம், நிகழ்ச்சி இடத்துக் கவுன்டரிலும் விசாரிக்கலாம். ஆன்லைனில் கட்டும் முன் கடைசித் திரையைப் பாருங்கள். டிக்கெட் விலையோடு 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒன்று சேரும், அதற்கு வரியும் சேரும். நாலு டிக்கெட்டுக்கு நாலு தடவை. வீடோ ஆபீஸோ கன்னாட் பிளேஸ் பக்கம் என்றால் ஒரு நாள் மதியம் நேரில் போய் எடுப்பது லாபம்.

வரி விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. நாடகம், நாட்டியம், கச்சேரி போன்ற நிகழ்ச்சிகளில் ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 500 ரூபாய் டிக்கெட் நான்கு என்றால் 2,000. அதுவே 600 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டால், வரி தனி என்றால் ஒன்று 708 ஆகும், நான்குக்கு 2,832. விலைப் பட்டியலில் நூறு ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது, குடும்பத்துக்கு 832 ரூபாய் வித்தியாசமாக வந்து நிற்கிறது. ஆகவே 500-ஐ ஒட்டிக் கீழே ஒரு விலைப்பகுதி இருந்தால் அதில் நடு இருக்கை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில நாட்களில் இருக்கை எண் தராமல் பகுதி மட்டும் தருவார்கள். முதலில் வருபவருக்கு முதல் இடம். அப்படியென்றால் வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், டில்லிக்காரர்களோடு போட்டி போடுவது அப்புறம் கஷ்டம். கவுன்டரில் கேட்பதற்கு ஒரு வரி இந்தி: "பையா, பீச் வாலே பிளாக் மே சீட் மிலேகீ?" (அண்ணா, நடுப்பகுதியில் இருக்கை கிடைக்குமா?) இவ்வளவு போதும், மீதியை அவரே பேசிவிடுவார். எத்தனை வயதிலிருந்து குழந்தைக்கு டிக்கெட் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: குழந்தைகளுக்குக் கதையைச் சொல்லிவைப்பது

பாட்டி சொன்ன ராமாயணமும் இங்கே ஆடுகிற ராமாயணமும் சில இடங்களில் ஒட்டாது. இங்கே அடித்தளம் துளசிதாசர். நமக்குக் குகன்தான் ஓடம் விடுகிறவன். இங்கே நிஷாத அரசன் குகன் வேறு, ஓடக்காரக் கேவட் வேறு. கல்லைப் பெண்ணாக்கிய கால் தூசி பட்டால் என் ஓடமும் பெண்ணாகிவிடும், பிழைப்பு போய்விடும் என்று சொல்லி ராமனின் காலைக் கழுவிய பிறகுதான் கேவட் ஏற்றிக்கொள்வான். இந்தக் காட்சிக்கு இங்கே தனி மவுசு.

அடுத்தது சீதையைத் தூக்கிப் போவது. கம்பனில் ராவணன் சீதையைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். வடக்கே சீதை லட்சுமணன் கிழித்த கோட்டைத் தாண்டி வந்து மாட்டிக்கொள்வாள். மைதானத்து ராம்லீலாக்களில் அங்கதன் தூது வந்தால் தவறவிடாதீர்கள். ராவணன் சபையில் அங்கதன் காலை ஊன்றிவிட்டு, முடிந்தால் நகர்த்திப் பாருங்கள் என்பான். ஒவ்வொரு அரக்கனாக வந்து இழுத்துத் தோற்பான். நம் வீட்டுப் பொடிசுகள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் இதுதான். வீட்டுக்கு வந்தபின் சோபா மேல் காலை ஊன்றி உங்களையும் இழுக்கச் சொல்லும்.

படி 6: அன்று மாலை

காரை எடுக்காதீர்கள். கேந்திரா இருக்கும் கோபர்நிகஸ் மார்க்கில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாலகாண்டம் முடிந்துவிடும். மண்டி ஹவுஸ் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, புளூ லைனும் வயலெட் லைனும் அங்கே சந்திக்கின்றன. கரோல் பாகிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் புளூ லைனில் நேராக வரலாம். ஆர்.கே. புரத்துக்காரர்கள் ஹவுஸ் காஸ் வந்து யெல்லோ லைன் பிடித்து, சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் வயலெட் லைனுக்கு மாறினால் இரண்டாவது நிலையம்.

புல்வெளியில் திறந்தவெளி நிகழ்ச்சி என்பதால் கொசு உண்டு. அக்டோபர் டில்லியில் டெங்கு மாதம். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை, முழுப் பேன்ட், கொசு க்ரீம். மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கு மேல் குளிர் லேசாகக் கடிக்கும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை. புகைமூட்டம் தொடங்கியிருந்தால் ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டை ஐந்தரைக்கே முடித்துக்கொள்வது நல்லது. நடக்கிற தூரத்தில் பெங்காலி மார்க்கெட் இருக்கிறது, டிக்கி, கோல்கப்பா, சோலே பட்டூரா. இட்லி தோசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் மெட்ரோவில் இரண்டாவது நிலையமான ராஜீவ் சௌக்கில் இறங்கி கன்னாட் பிளேஸில் சாப்பிட்டுவிட்டு வரலாம். நிகழ்ச்சி முடிந்து சாப்பிடலாம் என்று இருந்தால் குழந்தை சூர்ப்பணகை வரும்போதே தூங்கிவிடும்.

படி 7: மனம் வந்தால் செங்கோட்டை

இன்னொரு நாள் இலவச ராம்லீலாவையும் பார்த்துவிடுங்கள். மண்டி ஹவுஸிலிருந்து வயலெட் லைனில் நான்காவது நிலையம் லால் கிலா, அதாவது செங்கோட்டை. இங்கே முன்னால் சோபாக்கள், அதற்குப் பின்னால் நாற்காலிகள், எல்லாம் 'பாஸ்' வைத்திருப்பவர்களுக்கு. ஆபீஸில் யாராவது பாஸ் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் எந்த கேட் என்று போட்டிருக்கிறது எனப் பார்த்துக்கொண்டு போங்கள். கேட் மாறிப்போனால் மைதானத்தையே சுற்றி வர வேண்டும்.

பாஸ் இல்லையென்றாலும் மோசமில்லை. சப்தமிக்கு முன்னால் ஒரு வாரநாளில் ஏழு மணிக்குள் போனால் பின்பகுதியில் இடம் கிடைக்கும். பெரிய கமிட்டிகள் சினிமா, டி.வி. நடிகர்களை வேஷம் கட்டச் சொல்வார்கள், கூட்டம் அவர்களைப் பார்க்கத்தான். மேடையைச் சுற்றி ராட்டினம், சாட் கடை, பிளாஸ்டிக் வில், தங்க நிறம் பூசிய கதாயுதம். கதாயுதத்தை உள்ளே போகும்போது வாங்கித் தராதீர்கள், வெளியே வரும்போது வாங்குங்கள். உள்ளே கொண்டுபோனால் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு ஆபத்து.

தசரா அன்று மட்டும் சிறு குழந்தைகளோடு அந்தப் பக்கம் போக நான் சொல்லமாட்டேன். பிரதமர், குடியரசுத் தலைவர் போன்றவர்கள் வருவது வழக்கம், போலீஸ் கெடுபிடி கடுமையாக இருக்கும், சாலைகளை மூடுவார்கள். ராவணன் எரிவதைப் பார்க்க உங்கள் காலனி மைதானமே போதும். அங்கேயும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

நாடக ருசி ஒட்டிக்கொண்டதென்றால் குளிர்காலத்திலும் அதே மண்டி ஹவுஸுக்கு வரலாம். பகவான் தாஸ் சாலையில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. 1999-ல் அவர்கள் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும், பல மொழி நாடகங்கள் வரும், தமிழும் வந்திருக்கிறது. கமானி அரங்கமும் ஸ்ரீராம் சென்டரும் அங்கேயே பக்கத்தில். ஆர்.கே. புரத்தில் டில்லித் தமிழ்ச் சங்கத்தின் திருவள்ளுவர் அரங்கில் ஊரிலிருந்து குழுக்கள் வரும்போது சங்கத்து அறிவிப்பைக் கவனித்துவையுங்கள். அரங்குக்குள் போனாலும் அந்த விலைக்கோட்டு வித்தை அப்படியே செல்லும், கொசு க்ரீம் மட்டும் தேவைப்படாது.