கும்பகோணம் பக்கம் போனால் உள்ளூர்க் கடையில் சாப்பிடுவது எப்படி?

டெல்டாவுக்குக் கோயில் பார்க்க வருகிற பலர், தங்கின விடுதியிலேயே காலை டிபனை முடித்துக்கொண்டு, மதியம் டிரைவர் வண்டியை நிறுத்துகிற இடத்தில் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு மனசே ஆறாது. முதல் தடவை வருகிறவர்களுக்காக நான் செய்கிற முறையை வரிசையாக எழுதுகிறேன். கும்பகோணத்தை வைத்துச் சொல்கிறேன், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடிக்கும் இதே முறைதான்.

1. ஊருக்குள் தங்குங்கள்

பைபாஸ் ஓரத்தில் அறை எடுத்தால் எதற்கும் வண்டி தேட வேண்டும். மகாமகக் குளம், கும்பேஸ்வரர் கோயில், சாரங்கபாணி கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. அதற்கு நடுவில் எங்காவது தங்கினால் போதும்.

2. நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சின்னக் கடைகளில் எந்தப் பண்டம் நல்லது என்பதைவிட அது எத்தனை மணிக்கு நல்லது என்பதுதான் கேள்வி. காலை ஆறு மணிக்குக் காபி, ஏழிலிருந்து ஒன்பதரை வரை இட்லி, பொங்கல், தோசை. பன்னிரண்டரைக்குள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் கூட்டும் பொரியலும் அப்போதுதான் இறக்கினதாக இலைக்கு வரும், ரசம் மணம் மாறாமல் இருக்கும். நான் ஒருமுறை கோயிலில் நேரம் போனது தெரியாமல் இரண்டே முக்காலுக்கு ஒரு மெஸ்ஸுக்குப் போனேன், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே தீர்ந்துபோகிற கடை என்று அப்போதுதான் புரிந்தது, மறுநாள் பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன், இன்றைக்கும் அந்த வத்தக்குழம்பு நினைவில் இருக்கிறது. மூன்றரைக்கு மேல் வடை, பஜ்ஜி. ராத்திரி ஏழுக்கு மேல் மறுபடி டிபன், இன்னொரு பக்கம் பரோட்டாக் கடைகளில் கல் சூடாகும்.

அசைவம் தேடுகிறவர்கள் புரட்டாசி மாதத்தில் வந்தால் சில கடைகளில் சமைக்கிற அளவே குறைந்திருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். கடல் மீனுக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு நாள் ஒதுக்கலாம்.

3. கேட்கிற விதம்

"இங்க நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரர், குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று பார்த்து, ஏசி போட்ட பெரிய ஹோட்டலைக் கை காட்டுவார்கள், அது அவர்களுடைய மரியாதை. பதிலாக, பூக்கட்டுகிற அக்காவிடமோ ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற அண்ணனிடமோ, "அண்ணே, நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் யோசித்து, முகம் மலர்ந்து, போர்டே இல்லாத ஒரு கடைக்கு வழி சொல்வார்கள். "இட்லிக்கு அங்க, தோசைன்னா இங்க" என்று பிரித்துச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

4. வாசலில் நின்று இரண்டு நிமிஷம் பாருங்கள்

தூக்குவாளியோடு சாம்பார் வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்களா? சர்வர் கேட்காமலே யாருக்காவது காபி வைக்கிறாரா? இருந்தால் உள்ளே போகலாம். விலைப்பட்டியல் எவ்வளவு நீளம் என்றும் பாருங்கள், நாலைந்து பண்டம் மட்டும் செய்கிற கடைகளில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

5. முதலில் கொஞ்சமாகச் சொல்லுங்கள்

உட்கார்ந்ததும் "என்ன சூடா இருக்கு?" என்று கேட்டு, இரண்டு இட்லி மட்டும் வாங்குங்கள். அப்புறம் "கடப்பா இருக்கா?" என்று கேளுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் உயிரை விடுகிற தொடுகறி அது: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டு, பட்டை கிராம்பு தாளித்து இறக்குவார்கள். வெளிர் நிறத்தில் குருமா மாதிரித் தெரியும், ஆனால் பருப்பின் குழைவு இருப்பதால் இட்லி அதில் ஊறினால் வேறு மாதிரி இருக்கும். சில கடைகளில் வாரத்துக்கு ஓரிரு நாள்தான் போடுவார்கள், இல்லையென்றால் எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு காலைக்காகப் பயணத்தை மாற்றலாம் என்பேன்.

கடைசியில் காபி. டிகிரி காபி என்ற பெயர், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி வைத்து டிகிரி பார்த்ததால் வந்தது என்று சொல்வார்கள். நெடுஞ்சாலை நெடுக அந்தப் பெயரில் போர்டுகள் இருக்கின்றன. ஊருக்குள், கும்பேஸ்வரர் கோயில் வாசலில் இருக்கிற மங்களாம்பிகா மாதிரிக் கடைகளில் டபரா டம்ளரில் குடித்துப் பாருங்கள். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

6. கடையின் பழக்கம்

கூட்டம் இருந்தால் எதிரில் இன்னொருவர் வந்து உட்காருவார், நகர்ந்து இடம் கொடுங்கள். இலையில் சாப்பிட்டால் முடித்ததும் உங்கள் பக்கமாக மடியுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். படம் எடுப்பதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நன்றாக இருந்தால் மாஸ்டரிடம் போய் நேராகச் சொல்லுங்கள், நெருப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

7. ஒரே கடைக்கு இரண்டாவது தடவை

புதுக்கடை தேடுகிற ஆசை இருக்கும், சரி. ஆனாலும் பிடித்த ஒரு கடைக்கு மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். "நேத்து வந்தீங்கள்ல?" என்று சர்வரே பேச ஆரம்பிப்பார், திருவையாற்றில் அசோகா அல்வா எங்கே வாங்குவது, தஞ்சாவூரில் சந்திரகலா என்கிற இனிப்பு எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். சொன்னதைப் போனில் உடனே குறித்து வையுங்கள், கடைப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என்னுடைய குறிப்பு இப்படி இருக்கும்: "கும்பகோணம், கோயிலுக்குப் பின் சந்து, நீலக் கதவு, காலை ஏழரை, கடப்பா ஞாயிறு மட்டும், எட்டரைக்குத் தீரும்."