போலந்துக்குக் கிளம்பும் வரலாற்று ஆசிரியர்களுக்கு

"நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்கிறீர்கள் டீச்சர். அதற்கு முன்னால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" பாம்பனிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் புரிந்தது. அவள் தாத்தா தனுஷ்கோடிக்காரர். சுற்றுலா வருகிறவர்கள் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த கூட்டம், இதெல்லாம் 1964 டிசம்பருக்கு முன்னால் அங்கே இருந்ததென்று தாத்தா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். தனுஷ்கோடியை அழித்தது புயல். ஐரோப்பிய யூதர்களை அழித்தது மனிதர்கள் திட்டமிட்டுச் செய்த கொலை. 'முன்பு என்ன இருந்தது' என்ற கேள்வியோடு ஒப்பீட்டை நான் நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் காகித வேலை. அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் துறையின் தடையின்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அது கைக்கு வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். போலந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்பது விதி என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். மே விடுமுறைப் பயணத்துக்கு நான் டிசம்பரிலேயே தொடங்கினேன்.

அடுத்து, ஒரு முறை கொச்சிக்குப் போய் வாருங்கள். மட்டாஞ்சேரியில் யூதர்கள் வழிபட 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. யூதர்களின் வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழை எங்கே, வாசிக்கும் மேடை ஏன் நடுவில் என்று அங்கே நிதானமாகப் பார்த்துப் பழகிவிட்டால், போலந்தில் இடிந்துபோன ஆலயத்திலும் எது எங்கே இருந்திருக்கும் என்று கண் தானே தேடும். நான் முதல் தடவை சனிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதர்களின் ஓய்வுநாள். போலந்திலும் அந்த நேரத்தை ஒதுக்கி வைத்துத் திட்டமிடுங்கள்.

போலந்தில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து தொடங்காதீர்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். வார்சாவில் போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும், செவ்வாய் விடுமுறை. ஆயிரம் ஆண்டு வரலாற்றையும் ஒரே நாளில் விழுங்கப் பார்க்காமல், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைக் காட்ட அங்கே அமைத்திருக்கும் தெருவில் நில்லுங்கள். அப்போது போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள், வார்சாவில் மூன்றில் ஒருவர் யூதர். யூத மருத்துவரும் சிறுவர் எழுத்தாளருமான யாநுஷ் கோர்ச்சாக் 1926இல் தொடங்கிய 'மாவி பிஷெக்லோண்ட்' என்ற சிறுவர் பத்திரிகையைப் பற்றி முன்பே படித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளே எழுதி, 1939 வரை வாராவாரம் வெளிவந்தது. என் மாணவர்களைத் தங்கள் ஊரைப் பற்றி அப்படியொரு பத்திரிகைக்கு எழுதச் சொன்னேன். 'நீ வதைமுகாமில் இருப்பதாக நினைத்து எழுது' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். அது செத்தவர்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம்.

லுப்ளினைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டாயம் போங்கள். போருக்கு முன் அந்த ஊரில் சுமார் 43,000 யூதர்கள். பழைய நகரத்துக்கும் யூதர் பகுதிக்கும் நடுவில் இருந்த கிரோட்ஸ்கா வாயிலில் இப்போது ஒரு நினைவு மையம் இயங்குகிறது. சுவர் முழுக்க அலமாரி. வீட்டு எண்ணுக்கு ஒரு கோப்பு. அந்த வீட்டில் யார் இருந்தார், என்ன கடை வைத்திருந்தார் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். அழிந்துபோன யூதர் பகுதியின் நினைவாக, அருகில் போட்வாலே தெருவில் ஒரு பழைய விளக்கைப் பகலிலும் அணைப்பதில்லை.

கிராக்கோ நகரில் யூதர்கள் வாழ்ந்த காசிமியேஷ் பகுதியில் உணவகங்களைத் தாண்டிச் சந்துகளில் நடந்து, பழைய வாசல்களின் வலப்பக்க நிலையைப் பாருங்கள். தோரா வசனம் எழுதிய சிறு தோல்சுருளை ஒரு கூட்டில் வைத்து, நிலையில் சாய்வாகப் பதிப்பது யூத வீடுகளின் வழக்கம். அதன் பெயர் மெசூசா. ஒரு நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு சாய்ந்த பள்ளம் கண்டேன். மேலே நாலைந்து முறை வர்ணம் பூசியிருந்தார்கள், பள்ளம் மூடவில்லை. ஆணி அடித்த துளைகூடத் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் சிலுவை, அடுத்த வீட்டில் 786, அதற்கடுத்ததில் மஞ்சள் குங்குமம். அந்த நிலையின் முன் வெகுநேரம் நின்றேன்.

யூதக் கல்லறைகளில் ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பூ வைக்கும் வழக்கம் இல்லை. சிறு கல் ஒன்றை வைக்கலாம். ஆஷ்விட்ஸ் முகாமுக்கு முன்பதிவு அவசியம். அதற்கு முதல் நாளே ஒஷ்வியெஞ்சிம் ஊருக்குள் போய்விடுங்கள். முகாமுக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் இந்த ஊருடையதுதான். போருக்கு முன் ஊரில் பாதிக்கு மேல் யூதர்கள். தங்கள் ஊரை 'ஒஷ்பிட்சின்' என்று அழைத்தார்கள். மிஞ்சி நிற்கும் ஜெப ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

திரும்பி வந்தபின் முதல் வகுப்பில் முகாமின் படம் எதையும் நான் காட்டவில்லை. கதவு நிலையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். பாம்பன் பெண்தான் எழுந்தாள். "அந்தப் பள்ளத்தில் என்ன டீச்சர் இருந்தது?" பாடத்தை அங்கிருந்து ஆரம்பித்தேன்.