நடு அடுக்கு நடுவில் முளைப்பதில்லை: கருவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாடுதுறைப் பக்கத்தில் விலங்கியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கருவியல் கற்பித்து வருகிறேன். உடலின் உறுப்புகளெல்லாம் தோன்றும் தொடக்கச் செல் அடுக்குகளான கருமூல அடுக்குகள் பற்றிய விடைகளில் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறேன். மேலே நீல நிறத்தில் புற அடுக்கு, கீழே மஞ்சளில் அக அடுக்கு, இரண்டுக்கும் இடையில் சிவப்புப் பட்டையாக நடு அடுக்கு, அதாவது மீசோடெர்ம். படத்தில் பிழையில்லை. அதன் கீழே, ‘புற அடுக்கும் அக அடுக்கும் தோன்றிய பிறகு அவற்றின் இடையில் நடு அடுக்கு உருவாகிறது’ என்று எழுதப்படும் வரிதான் பிழை.

கோழிக்கருவில் முதலில் இருப்பவை மேலே எபிபிளாஸ்ட், கீழே ஹைப்போபிளாஸ்ட் என்னும் இரண்டு செல் தகடுகள். இவற்றையே புற அடுக்கு, அக அடுக்கு என்று எண்ணிவிடுவதுதான் மற்றப் பல தவறுகளுக்கும் வேர் என்பது என் கருத்து. அடைவைத்த ஏறத்தாழ 18 மணி நேரத்தில், எபிபிளாஸ்டின் நடுக்கோட்டில் தொடக்கக் கீற்று என்னும் பள்ளக்கோடு முழு நீளத்தை எட்டுகிறது. அந்தக் கீற்றின் வழியே செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்திக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. முதலில் இறங்குபவற்றுள் பல ஹைப்போபிளாஸ்ட்டை ஓரத்துக்குத் தள்ளி அக அடுக்காகின்றன. இடைவெளியில் பரவிச் செல்பவை நடு அடுக்காகின்றன. இறங்காமல் மேலேயே தங்கியவற்றுக்குத்தான் புற அடுக்கு என்று பெயர். ஆக மூன்றுமே எபிபிளாஸ்ட்டின் மக்கள். ஹைப்போபிளாஸ்ட் குஞ்சின் உடலுக்குள் சேர்வதில்லை. கருவுக்கு வெளியே உள்ள உறைகளுக்கே போய்ச்சேர்கிறது.

கோழியைப் படித்தவுடன் எல்லா விலங்குக்கும் அந்தக் கீற்றை வரைவது அடுத்த தவறு. ஐப்பசி மழையில் நம் வயல்களில் முட்டையிடும் தவளைக்கு அப்படியொரு கீற்று கிடையாது. அதன் கருவில் கறுத்த மேற்பாதிக்கும் வெளிறிய கீழ்ப்பாதிக்கும் இடைப்பட்ட வளையத்திலிருந்து நடு அடுக்கு பிறக்கிறது. அந்த வளையம் தானாக நடு அடுக்காகிவிடுவதில்லை. கருவியலாளர் நியூக்கூப் 1969-இல், தவளையைப் போன்றே நீர்நில வாழ்வியான ஆக்சலாட்டலின் கருக்களைக் கொண்டு இதைக் காட்டினார்: மேற்பகுதித் துண்டைத் தனியே வளர்த்தால் தோல் போன்ற திசுவே கிடைக்கும், கீழ்ப்பகுதித் துண்டோடு சேர்த்து வளர்த்தால் அதே மேற்பகுதிச் செல்களிலிருந்து தசையும், கருவின் முதுகில் நீளும் தண்டான முதுகுநாணும் உருவாகும். கீழிருந்து வரும் சைகைதான் அவற்றை மாற்றுகிறது. வரப்போரத்து நத்தையின் கதை வேறு. நத்தை இனங்களில் நடு அடுக்கின் பெரும்பகுதி 4டி எனக் குறிக்கப்படும் ஒரே செல்லின் வழித்தோன்றல்.

நாகப்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கும் சொறியை (ஜெல்லிமீனை) அறுத்தால் இரண்டு அடுக்குகளுக்கு இடையில் தடித்த கூழ் இருக்கும். அது மீசோகிளியா, மீசோடெர்ம் அன்று. தட்டைப்புழுவுக்கோ நடு அடுக்கு உண்டு, அதற்குள் அமையும் வெற்றிடமான உடற்குழிதான் இல்லை. ‘உடற்குழி இல்லையெனில் நடு அடுக்கும் இல்லை’ என்று எழுதாதீர்கள். முதுகெலும்பிகள், கருவில் வாய் இரண்டாவதாகத் தோன்றும் டியூட்ரோஸ்டோம் தொகுதியைச் சேர்ந்தவை என்பதால் அவற்றின் உடற்குழி குடல் பையிலிருந்து பிதுங்கி வருகிறது என்று எழுதுவதும் தவறு. அவற்றில் நடு அடுக்கின் ஓரப் பகுதியான பக்கத் தகடு இரண்டாகப் பிளந்து குழி உண்டாகிறது.

பக்கத் தகடு என்றதும் நடு அடுக்கின் பகுப்பைச் சொல்லவேண்டும். நடுக்கோட்டில் முதுகுநாண், அதற்கு இருபுறமும் சோமைட்டுகள் என்னும் கட்டிகளாகத் துண்டாகும் பகுதி, அடுத்துச் சிறுநீரகமும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் தரும் இடைப்பகுதி, ஓரத்தில் பக்கத் தகடு. முதுகுநாணை, மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழலின் பங்காளியாக எண்ணிப் புற அடுக்கில் சேர்ப்பவர்கள் மிகப்பலர். அது நடு அடுக்கே. இந்தப் பகுப்பு நான்கு தனித்தனி விதைகளிலிருந்து வருவதன்று. பிஎம்பி என்னும் சைகைப் புரதத்தின் செறிவு ஓரத்தில் மிகுந்தும், அதைத் தடுக்கும் நாகின் போன்ற புரதங்கள் சுரப்பதால் நடுக்கோட்டருகே குறைந்தும் இருக்கிறது; அந்த அளவைப் பொறுத்தே செல்கள் வெவ்வேறு பகுதிகளாகின்றன. தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் ஒரே வாய்க்காலில் வெவ்வேறு அளவு நீர் கிடைப்பதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது புரியாத ஒன்றன்று. இங்கே ஓரமே தலைமடை என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

‘எலும்பு, தசை, இரத்தம்: நடு அடுக்கு’ என்ற மனப்பாட வரியை நான் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை, ஆனால் அது பாதியில் கைவிட்டுவிடும். முகத்து எலும்புகளில் பெரும்பாலானவை புற அடுக்கில் நரம்புக்குழலின் விளிம்பிலிருந்து புறப்பட்ட நரம்பு முகட்டுச் செல்களால் ஆனவை. கண்மணியைச் சுருக்கி விரிக்கும் கருவிழித் தசைகளும் பாலூட்டிகளில் புற அடுக்கின் வழிவந்தவையே. அட்ரினல் சுரப்பியில் புறணி நடு அடுக்கு, அகணி நரம்பு முகடு. கை கால்களில் தசை சோமைட்டிலிருந்தும் எலும்பு பக்கத் தகட்டிலிருந்தும் வருகின்றன. மீசென்கைம் என்ற சொல்லும் இதே குழப்பத்தைத் தருகிறது. தளர்ந்து திரியும் செல்களின் நிலைக்குத்தான் அந்தப் பெயர். முகத்தின் மீசென்கைமில் நரம்பு முகட்டுச் செல்களும் கலந்திருக்கும்.

செய்முறையில் ஏற்படும் ஒரு பிழையையும் சொல்லியாகவேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பெரும்பாலும் கருவுறாதது; எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் அதில் கீற்றைக் காண முடியாது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும். அதிலும் முட்டை இட்ட பொழுதே கருவின் தொடக்கம் என்று கொள்ளாதீர்கள். கோழியின் வயிற்றுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் பிளவிப்பெருகல் நடந்து, பல்லாயிரம் செல்களோடுதான் முட்டை வெளியே வருகிறது; குளிர்ந்த பிறகு அடைச்சூடு படும்வரை வளர்ச்சி நின்றிருக்கும். பதிவேட்டில் ‘33 மணி நேரக் கரு’ என்று மட்டும் எழுதினால், அடையின் சூடு சற்று மாறினாலும் கணக்குப் பிசகும். கருவியலாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951-இல் கோழிக்கருவுக்கு வகுத்த வளர்ச்சி நிலைகளில் 7-ஆம் நிலைக்கு 1 இணை சோமைட்டும் 10-ஆம் நிலைக்கு 10 இணைகளும் அடையாளம். கோழியில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஓர் இணை உருவாகிறது. எனவே மணிக்கணக்கோடு, நுண்ணோக்கியில் தலைப்பக்கத்திலிருந்து சோமைட்டு இணைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையையும் படத்தின் கீழே குறித்துவையுங்கள்.