குடும்பத்தோடு டர்க்கி டிராட் ஓடப் போகிறீர்களா? நாங்கள் செய்த தப்புகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், குடும்பத்தோடு வான்கோழி விருந்து சாப்பிடுகிற பண்டிகை. மதியம் வயிறு முட்டச் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்தே காலையில் ஊர் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் என்று ஓட்டம் வைக்கிறார்கள். பேர் டர்க்கி டிராட், அதாவது வான்கோழி ஓட்டம். தலையில் வான்கோழித் தொப்பி, காலில் வரி வரியாய்க் கலர் சாக்ஸ், கூடவே தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 1896-இல் ஆறு பேர் ஓடியதில் ஆரம்பித்தது, இன்றும் அங்கே வருடம் தவறாமல் நடக்கிறது. அந்த ஆறு பேரில் நாலு பேர்தான் ஓடி முடித்தார்கள். ஒருவர் லேட்டாகச் சாப்பிட்ட காலை டிபன் வயிற்றில் நிற்காமல் இரண்டு மைலில் விலகிவிட்டாராம். ஆக, இந்த ஓட்டத்துக்கு எவ்வளவு வயதோ அவ்வளவு வயது இதில் செய்கிற தப்புகளுக்கும்.

எங்கள் வீட்டில் முதல் வருடம் ஏழு பேர் போனோம். "எல்லாரும் சேர்ந்தே ஓடலாம்" என்று முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் முடிவு பண்ணினோம். அதுதான் முதல் தப்பு, இருப்பதிலேயே பெரிய தப்பும் அதுதான். ஹாஃப் மாரத்தான் ஓடுகிற மச்சான், ஒன்பது வயதுப் பையன், ஸ்ட்ரோலர் தள்ளுகிற மனைவி, சென்னையிலிருந்து வந்து பத்தே நாளான மாமியார், இவர்கள் சேர்ந்து ஓடவே முடியாது. முதல் அரை கிலோமீட்டரிலேயே ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். கூட்டத்தில் போனும் சரியாக எடுக்கவில்லை. மாமியார் முடித்துவிட்டு வேலியின் அந்தப் பக்கம் நின்றிருக்கிறார், நாங்கள் இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம். அவருடைய ஜாக்கெட் காரில், கார் சாவி என் பாக்கெட்டில். நாற்பது நிமிஷம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை, "காபி கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இப்போதெல்லாம் ஜோடி பிரித்துவிடுகிறோம். மெதுவாகப் போகிறவர் யார், அவரோடு கடைசி வரைக்கும் நடக்கப் போவது யார் என்பதை முதலில் முடிவு செய்கிறோம், வேகமாய் ஓடுகிறவர்கள் எப்படியோ போகட்டும். சந்திக்கிற இடம் "ஃபினிஷ் லைன் பக்கத்தில்" என்று சொல்வதில்லை, ஆயிரக்கணக்கான பேர் அங்கேதான் நிற்பார்கள். தபால் பெட்டி, கொடிக்கம்பம், இன்ன கடையின் வாசல் என்று ஒன்றைக் காட்டி, போன் கிடைக்காவிட்டாலும் அங்கேதான் என்று சொல்லிவிட வேண்டும். ஓடாமல் ஒருவர் இருந்தால் ஜாக்கெட் பை அவர் கையில்.

அடுத்தது, எங்கே நிற்பது. உற்சாகத்தில் குழந்தையோடு போய் முன்வரிசையில் நிற்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். துப்பாக்கி சத்தம் கேட்டதும் பின்னால் வருகிறவர்கள் நிஜமாகவே பறப்பார்கள், ஸ்ட்ரோலர் சக்கரம் யாராவது குதிகாலில் ஏறும். பின்னால் போய் நில்லுங்கள். நேரத்தைக் கணக்கிடுகிற சிப் வைத்த ஓட்டமாக இருந்தால் தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயை நீங்கள் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஆரம்பிக்கும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஸ்ட்ரோலரும் நாயும் சில ஓட்டங்களில் கூடவே கூடாது, விதிமுறையை முன்னாடியே படித்துவிடுங்கள்.

பிள்ளைகள் முதல் இருநூறு மீட்டர் மான்குட்டி மாதிரி பாய்வார்கள். அப்புறம் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுவார்கள், மீதி தூரம் முழுக்கக் கெஞ்சல்தான். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகம் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள், அதனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிப் போனால் அழுகை இல்லாமல் முடிகிறது. ரொம்பச் சின்னவர்களுக்குப் பல இடங்களில் தனியாக ஒரு குட்டி ஓட்டம் இருக்கும், அதுவே தாராளம்.

வேஷம். ஆன்லைனில் வாங்கி அன்று காலையில்தான் பிரிக்கிறீர்கள் என்றால் அதோடு உங்கள் ஓட்டம் முடிந்தது. காற்றடைத்த வான்கோழி உடையில் உள்ளே வெந்துவிடும், காலடியும் தெரியாது. என் பெண் போட்ட தொப்பியில் இரண்டு பஞ்சுக் கால்கள் துருத்திக்கொண்டிருக்கும், எதிர்க்காற்று அடித்ததும் தொப்பி அப்படியே கண்ணை மூடிவிட்டது, முன்னால் போன பெரியவர் முதுகில் முட்டிக்கொண்டாள். எதுவாக இருந்தாலும் முந்தின நாளே மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிப் பாருங்கள். பிப்பை, அதாவது உங்கள் ஓட்ட எண் அச்சிட்ட சீட்டை, வேஷத்துக்கு மேலே, முன்பக்கம், நாலு மூலையிலும் ஊக்குக் குத்தி மாட்டுங்கள், பெரும்பாலும் அதன் பின்னால்தான் சிப் ஒட்டியிருக்கும், மடிக்காதீர்கள்.

குளிர் விஷயத்தில் ஒரே அறிவுரையை எல்லாருக்கும் சொல்ல முடியாது. ஓடுகிறவர் வெளியே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் சூடு அதிகம் என்று நினைத்து உடுத்தலாம், ஆரம்பத்தில் கொஞ்சம் நடுங்கினால் சரியாகத்தான் உடுத்தியிருக்கிறார். நடக்கிறவருக்கு உடம்பு அவ்வளவு சூடாகாது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குத் தெர்மல், கையுறை, காதை மூடுகிற தொப்பி, எல்லாம் வேண்டும். புது ஷூ யாருக்கும் வேண்டாம். பருத்தி டிஷர்ட் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நின்றதும் குளிரும்.

வராதவரின் பிப்பை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு முறை அத்தைக்கு முட்டி வலி, அவர் பிப்பை இருபத்தைந்து வயதுப் பையன் மாட்டிக்கொண்டு ஓடினான். சாயங்காலம் முடிவுகளைப் பார்த்தால் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் அத்தை முதலிடம்! சிரித்துத் தீர்த்தோம், அப்புறம்தான் நிஜமாக ஓடி ஜெயித்த ஒரு பாட்டியின் இடத்தைப் பறித்துவிட்டோம் என்று உறைத்தது, எழுதிச் சொல்லித் திருத்தினோம். இன்னொன்றும் இருக்கிறது. வழியில் மயங்கி விழுந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் யாரென்று பார்ப்பார்கள், உங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய போன் வேறு வீட்டுக்குப் போகும்.

காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் வேண்டாம், பஃபலோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, ஒன்றரை மணி நேரம் முன்னாடி. காபி வழக்கமாகக் குடிப்பவர் குடிக்கலாம், ஆனால் தற்காலிகக் கழிப்பறை முன்னால் நிற்கிற வரிசையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சமையல் உங்கள் பொறுப்பு என்றால் பிரியாணிக்கு முதல் நாளே மசாலா தடவி வைத்துவிடுங்கள். ஓட்டத்துக்காகத் தெருக்களை அடைத்திருப்பார்கள், திரும்பி வர நினைத்ததைவிட நேரமாகும். இதே காரணத்துக்காகத்தான் போகும்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்கிறேன்.

குடும்பப் போட்டோவை ஓடுவதற்கு முன்னாடியே எடுத்துவிடுங்கள். எங்கள் முதல் வருடப் படத்தில் நாலு பேர்தான் இருக்கிறோம், பின்னால் தூரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மெரூன் புடவை தெரிகிறது.