லண்டன் பாஸ்போட்டுக்குப் படம் உறுதிப்படுத்த ஆள் தேடும்போது வன்னியில் நாம் விடும் பிழைகள்

எங்கள் பக்கம் எந்தக் கடதாசியைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, "விதானையாரிட்டச் சீல் குத்தியாச்சோ?" என்பதுதான். அதில் பிழை சொல்ல முடியாது. 2009இல் உடுத்த துணியோடு செட்டிகுளத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. மீளக் குடியேறிய பிறகு "இவர் இன்னார்தான்" என்று எழுதித் தர ஊரில் இருந்தது விதானையார் என்று நாங்கள் சொல்லும் கிராம அலுவலர்தான். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சீல் விழுந்தால் அலுவல் முடிந்தது என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு லண்டன் பாஸ்போட், அதாவது பிரித்தானியப் பாஸ்போட், எடுக்கப் போகும்போது இந்த நினைப்புத்தான் முதலில் காலை வாருகிறது.

நான் கிளிநொச்சிப் பக்கம் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், படிவமும் நிரப்பிக் கொடுப்பேன். தகப்பன் லண்டனில் குடியுரிமை எடுத்தவர், தாயும் பிள்ளையும் இங்கே, பிள்ளைக்கு முதல் பாஸ்போட் வேண்டும் என்று வருகிறவர்கள் நிறைய. எல்லாப் பத்திரமும் சரியாக இருக்கும். கடைசியில் படத்தின் பின்பக்கம் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கிற ஆளில் வந்து சிக்கி நிற்பார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டுத் தேசிய அடையாள அட்டை வேறு கணக்கு. 15 வயதானதும் பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் அதிபர், மற்றவர்களுக்குக் கிராம அலுவலர் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவார். படத்தை அனுமதி பெற்ற ஸ்டூடியோவே இணையத்தில் அனுப்பிவிட்டு ரசீது தரும். அங்கே பதவிதான் முக்கியம். லண்டன் பாஸ்போட்டுக்குப் பதவியும் பார்ப்பார்கள்தான், ஆனால் அதற்கு முன்னால் கேட்பது: இந்த மனிதருக்கு உங்களைத் தெரியுமா? குறைந்தது 2 வருடம் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் நண்பராக, அயலவராக, கூட வேலை செய்பவராகத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்துபோனவர் என்ற பழக்கம் கணக்கில் வராது. வைத்தியருக்கும் இதுதான்; மருந்து எழுதித் தந்ததை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது, உங்களோடு நல்ல பழக்கமும் இருக்க வேண்டும்.

இந்த 2 வருடம்தான் வன்னியில் பெரிய தலையிடி. இங்கே உத்தியோகத்தர்கள் பலர் இடமாற்றத்தில் வருகிறவர்கள், ஆசிரியர்களில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து பின்னேரப் பஸ்ஸில் திரும்புகிறவர்கள், முகம் பழகி வரும்போது மாற்றம் வந்துவிடும். என் அக்காவின் பிள்ளைக்கே இது நடந்தது. நல்ல மனிதர் ஒருவர், பெரிய பதவி, கேட்டதும் ஒத்துக்கொண்டார். எத்தனை காலம் தெரியும் என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி 8 மாதம் என்று எழுதிவிட்டார். நானும் கவனிக்கவில்லை, கடைசிப் பக்கம்தானே என்று மடித்து உறையில் போட்டேன். படிவம் திரும்பி வந்தது. அக்கா இன்னமும் அதைச் சொல்லிக்காட்டுவார். அவர் எழுதியதில் பிழை இல்லை, அவரிடம் போனதுதான் பிழை.

அடுத்தது இதைவிட மோசம், ஏனென்றால் படிவத்தை நுணுக்கமாக வாசிக்காவிட்டால் தெரியவே தெரியாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், உறுதிப்படுத்துகிறவருக்கு 2 வருடம் தெரிந்திருக்க வேண்டியது படிவத்தில் கையெழுத்து வைக்கும் பெரியவரை. ஒரு வயதுக் குழந்தையை யாருக்கு 2 வருடம் தெரியும்! எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், "லண்டன் அலுவல், அவரே வைக்கட்டும்" என்று தகப்பனைக் கொண்டு படிவத்தில் கையெழுத்து வைப்பிப்பார்கள், படத்துக்கு விசுவமடுவில் இருக்கிற ஒரு ரீச்சரைப் பிடிப்பார்கள். அந்த ரீச்சர் தகப்பனைக் கலியாண வீட்டில் ஒரு நாள் கண்டதோடு சரி. தாய் இங்கே இருக்கிறார், ரீச்சருக்குத் தாயைப் பத்து வருடமாகத் தெரியும் என்றால் தாயே விண்ணப்பதாரியாகக் கையெழுத்து வைத்துவிட வேண்டியதுதானே. யார் கையெழுத்து என்பதை முதலில் முடிவெடுங்கள், ஆள் தேடுவது அதற்குப் பிறகு.

சரி, சொந்தம். உறுதிப்படுத்துகிறவர் இரத்த உறவாகவும் இருக்கக்கூடாது, கலியாணத்தால் வந்த உறவாகவும் இருக்கக்கூடாது. கேட்க இலேசாக இருக்கிறது. முள்ளியவளையிலோ ஒட்டுசுட்டானிலோ பழைய குடும்பங்களுக்குள் சொந்தமில்லாத ஓர் உத்தியோகத்தரைக் கண்டுபிடித்துப் பாருங்கள்! அதிபர் சித்தப்பா, தபாலதிபர் அத்தானின் தமையன், கோயில் செயலாளர் மாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாய்க்கு வாய் மாமா என்று கூப்பிடுவதால் ஒருவர் மாமா ஆகிவிட மாட்டார், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உண்மையான சொந்தத்தை "முதலெழுத்து வேறுதானே, அவனுக்கு எங்க தெரியப்போகுது" என்று மறைத்து எழுதுவது வேறு விஷயம். பாஸ்போட்டுக்காகப் பொய் எழுதுவது பிரித்தானியச் சட்டத்தில் குற்றம், மாட்டுப்படப் போவது உங்களுக்கு உதவி செய்த மனிதரும்தான். ஒரே விலாசத்தில் இருப்பவரும் ஆகாது. உங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் வவுனியா ரீச்சருக்கு உங்களை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அவரை விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் தாண்டி ஓர் ஆள் கிடைத்த பிறகு வரும் கேள்வி: அவரிடம் செல்லுபடியான பாஸ்போட் இருக்கிறதா? இதை ஏனோ எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். பிரித்தானியாவுக்குள் இருந்து விண்ணப்பித்தால் உறுதிப்படுத்துகிறவரிடம் பிரித்தானிய அல்லது ஐரிஷ் பாஸ்போட் இருக்க வேண்டும். வெளியே இருந்து விண்ணப்பித்தால் பொதுநலவாய நாட்டுப் பாஸ்போட்டும் சரி, இலங்கை அதில் அடக்கம். ஆனால் எங்கள் கிராமத்தில் வெளிநாடே போகாத உத்தியோகத்தருக்குப் பாஸ்போட் எதற்கு? சமாதான நீதவானும் ஏற்றுக்கொள்ளப்படுபவர்தான், ஆனால் வாசலில் பலகை தொங்குகிறதே தவிர அலுமாரிக்குள் பாஸ்போட் இருக்காது. இருந்தாலும் இந்தியாவுக்குத் தலயாத்திரை போகவென்று எடுத்தது, 10 வருடம் கழிந்து காலாவதியாகிக் கிடக்கும். அதனால் நான் இப்போது ஆட்களுக்குச் சொல்வது, பதவியில் இருந்து தேடத் தொடங்காமல் பாஸ்போட்டில் இருந்து தேடத் தொடங்குங்கள் என்றுதான். ஓய்வுபெற்றவர்களையும் ஏற்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார், பாஸ்போட்டும் இருக்கும், உங்களைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தும் இருக்கும்.

பதவிப் பட்டியலும் நாம் நினைப்பதைவிட நீளமானது. ஆசிரியர், தாதி, வங்கி அலுவலர், தபால் அலுவலர், மதகுரு, பொலிஸ், பத்திரிகையாளர், சட்டத்தரணி எல்லாம் எதிர்பார்த்ததுதான். தொழில்முறைப் படப்பிடிப்பாளரும் இருக்கிறார், பிரேதச் சேவை நடத்துபவரும் இருக்கிறார், மதுச்சாலை உரிமம் பெற்றவரும் இருக்கிறார். கள்ளுத் தவறணைக்காரரையும் ஏற்பார்களோ என்று ஓர் ஐயா கேட்டார், நான் சிரித்துவிட்டு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் தலைவர், செயலாளரும் அந்தப் பட்டியலில் இருப்பதால், பதிவுள்ள கூட்டுறவுச் சங்கத்துக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம்.

"ஆள் எடுத்துத் தாறன், காசு இவ்வளவு" என்று சொல்லும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள். உங்களை ஒரு நாளும் கண்டிராதவர் போடும் கையெழுத்து அது.

இனிப் படம். 45 மில்லிமீற்றர் உயரம், 35 மில்லிமீற்றர் அகலம், கடைசி ஒரு மாதத்துக்குள் எடுத்தது, பின்னணி இளஞ்சாம்பல் அல்லது கிறீம் நிறம், ஒரே மாதிரி 2 படம். ஸ்டூடியோவில் "பாஸ்போட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் வழக்கமாகப் போடும் நீலப் பின்னணியில் போட்டுத் தந்துவிடலாம், அளவையும் நிறத்தையும் எழுதிக் கொடுங்கள். 2 படத்தில் ஒன்றின் பின்பக்கம் மட்டும்தான் எழுத வேண்டும். இது இன்னாரின் உண்மையான தோற்றம் என்று உறுதிப்படுத்துகிறேன் என்ற கருத்துள்ள ஆங்கில வசனம் படிவத்தோடு வரும் கையேட்டில் இருக்கிறது, அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதி, கையொப்பமும் திகதியும் வைக்க வேண்டும். பெயரில்தான் நாங்கள் பிழை விடுவோம்: முதலெழுத்தை வைத்து "செ. கவின்" மாதிரி எழுதிப் பழகிய கை அது. படிவத்தில் உள்ள முழுப் பெயர், அதே எழுத்துக்கூட்டலில், பின்பக்கமும் வர வேண்டும்.

இன்னொன்று, எங்களுக்கே உரிய பிழை. பள்ளிக்கூடப் படிவங்களில் படத்தின் மூலையில் பாதி, கடதாசியில் பாதி விழுகிற மாதிரிச் சீல் குத்துவோமே, அதே நினைப்பில் படத்தின் முன்பக்கம் சீல் குத்தித் தரும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பாவம், மரியாதைக்காகச் செய்வது. நீலச் சீல் கன்னத்தில் விழுந்த படம் பிறகு எதற்கும் உதவாது. குண்டூசி குத்தினாலும் ஸ்ரேப்ளர் அடித்தாலும் அதே கதைதான். பளபளப்பான படத்தில் மைப் பேனையால் எழுதினால் ஈரம் காயும் முன் மற்றப் படத்தில் ஒட்டிவிடும், குமிழ்முனைப் பேனை கொண்டுபோங்கள், அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள், கூடுதலாக 2 படம் வைத்திருங்கள்.

முதல் பாஸ்போட்டோடு இந்த வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 11 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்குப் புதுப்பிக்கும்போதும் ஆள் வேண்டும், தொலைந்துபோனாலும் வேண்டும். போன முறை கையெழுத்து வைத்தவர் இப்போது எங்கே, அவர் பாஸ்போட் எந்த ஆண்டுவரை என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கையெழுத்து வைத்தவரின் தொலைபேசி இலக்கத்தை அவர் முன்னாலேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள். விசாரிக்க வேண்டும் என்று நினைத்தால் அவரைத் தொடர்புகொள்வார்கள். வெளிநாட்டு இலக்கம் ஒன்று வந்தால் "லொத்தர் விழுந்திருக்கு எண்டு ஏமாத்திறாங்கள்" என்று வெட்டிவிடுகிற ஊர் இது, ஆகவே அப்படி ஓர் அழைப்பு வரக்கூடும், எடுத்துப் பேசுங்கோ ரீச்சர் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்கள்.