ஜிப்சம் போர்டு இணைப்புக்கு எந்த டேப், எந்தக் காம்பவுண்ட்?

ஜிப்சம் போர்டு சுவரில் பின்னாளில் விரிசல் விடுவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். அதனால் இணைப்பின்மேல் ஒட்டும் டேப்பையும், அதோடு பூசும் பட்டி போன்ற காம்பவுண்டையும் ஜோடி பார்த்து வாங்குங்கள்.

ஃபைபர் வலை டேப் பசையோடு வருவதால் ஒட்டுவது சுலபம். ஆனால் காகித டேப்பைவிட அது கொஞ்சம் இழுபடும். அதன்மேல் முதல் பூச்சுக்கு, தண்ணீர் கலந்ததும் தானாக இறுகும் பவுடர் வகைதான் வேண்டும். வாளியில் கலந்தே வரும் ரெடிமிக்ஸை வலைமேல் நேரடியாகப் பூசினால் மயிரிழை விரிசலுக்கு வாய்ப்பு அதிகம். பவுடர் பையில் 20, 45, 90 என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ இறுகும் நிமிடக் கணக்கு. புதிதாகச் செய்பவர்கள் 90 எடுத்தால் பதறாமல் பூசலாம்.

காகித டேப்புக்கு ரெடிமிக்ஸே போதும். முதலில் காம்பவுண்டைப் பூசி, ஈரத்திலேயே டேப்பை வைத்து பட்டி பிளேடால் அழுத்தி இழுங்கள். அடியில் பூச்சு படாத இடம் இருந்தால் அப்புறம் அங்கே கொப்புளம் கிளம்பும். இரண்டு சுவர் சேரும் உள்மூலைக்கு என் ஓட்டு காகிதத்துக்குத்தான். நடுவில் மடிப்புக் கோடு இருப்பதால் மூலை கூராக நிற்கும். வலை டேப் அங்கே பிளேடு பட்டு அறுந்துவிடும்.

வெளிமூலைக்கு டேப் மட்டும் தாங்காது, கார்னர் பீட் (மூலையைக் காக்கும் நீளமான விளிம்புப் பட்டை) போடுங்கள். ஈரம் புழங்கும் இடமென்றால் துருப்பிடிக்காத வினைல் பீட். மேல்பூச்சுக்கான டாப்பிங் காம்பவுண்ட், காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க மிருதுவாக இருக்கும், சரி. ஆனால் டேப்பைப் பிடிக்கும் வலு அதற்குக் குறைவு. கடைசிப் பூச்சுக்கு மட்டும் வையுங்கள்.