பாத வலி, வெடிப்பு, புண்: வீட்டில் எதுவரை பார்க்கலாம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் உழைக்கிறவர்களின் கால் காய்ந்திருக்கும் மாதங்கள் குறைவு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. நாஞ்சில் நாட்டு வயலில் சேறு, கதம்பை (தேங்காய் மட்டை) ஊறும் இடத்தில் அழுகல் தண்ணீர், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு விடியுமுன் ஈரப்புல், கரமடி வலை இழுப்பவர்களுக்கு மதியத்தில் சுடுமணல். இதனால் வரும் தொந்தரவுகளில் பல வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை. ஆனால் எந்த வைத்தியத்தையும் தொடங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி சரியாக இருக்கிறதா? உணர்ச்சி உள்ள காலுக்கு நல்லது செய்யும் வெந்நீர், உணர்ச்சி இல்லாத காலை வேகவைத்துவிடும்.

முதலில் இரண்டு நிமிடச் சோதனை

சோதிக்கப்படுபவர் செருப்பு, சாக்ஸ் இல்லாமல் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் தன் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக 1 அல்லது 2 விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து 6 இடங்கள். தொட்டது தெரிந்ததும் 'வலது' அல்லது 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள், அது தெரியவில்லை என்றே கணக்கு. 6 இடங்களில் 2 அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்கள்.

உணர்ச்சி குறைவுக்கு முதல் காரணம் சர்க்கரை நோய். தொடர்ந்த மதுப்பழக்கமும் பி12 குறைவும் அப்படிச் செய்யும். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். சர்க்கரையே இல்லாத ஒருவருக்கு உள்ளங்காலில் வலியில்லாத புண் வந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க அதில் ஒன்றுமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம்.

உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வரும் ஊறவைத்தல், ஐஸ் ஒத்தடம், ஆணி பிளாஸ்திரி, தேய்கல் எதுவும் வேண்டாம். சின்னக் கீறல் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சேற்றுப்புண்

பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிக்கும். அங்கே காற்று போகாததுதான் காரணம். ஈரத்தில் தோல் தளர்ந்ததும் பூஞ்சை குடியேறும், அதன் மேல் பாக்டீரியா சேரும்.

வேலை முடிந்து வந்ததும் சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டை விரலிடுக்கில் நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்த்தால் தோல் கிழியும். பிறகு 10 நிமிடம் காற்றாட விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 1 சதவீத க்ளோட்ரிமசோல் களிம்பை மெல்லிய பூச்சாகக் காலையும் இரவும் போட வேண்டும். மொத்தம் 4 வாரம். ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கிவிடும், அதோடு நிறுத்துவதால்தான் அடுத்த மழையில் திரும்ப வருகிறது. விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டால் பல கடைகளில் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ட்யூபின் மேல் க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் படர்ந்து, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது.

4 வாரத்தில் ஆறாவிட்டால் தோல் மருத்துவர். பச்சை நிறம், கெட்ட வாடை, சீழ் இருந்தாலோ, புறங்காலில் சிவப்பு ஏறினாலோ அன்றே போக வேண்டும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சின்ன வெடிப்புதான் கிருமி நுழையும் வாசல். குளிர்காய்ச்சலோடு கால் வீங்குவது அதிலிருந்துதான் தொடங்கும்.

குதிகால் வெடிப்பு

பித்த வெடிப்பு என்று பெயர் இருந்தாலும் பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குதிகாலின் ஓரத்தோல் தடித்து, வறண்டு, உடம்பின் எடையில் பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பும் வெறுங்காலும் சிமெண்ட் தரையும் அதைக் கூட்டுகின்றன.

இரவில் இளஞ்சூட்டு நீரில் 10 நிமிடம் மட்டும் ஊறவைத்து, தேய்கல்லால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, ஈரத்தை ஒற்றியதும் 10 முதல் 25 சதவீதம் யூரியா உள்ள க்ரீம் தடவி பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். யூரியா கிடைக்காவிட்டால் வாசலின் போதும், தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும். ஈரம் முழுவதும் உலர்வதற்குள் தடவுவதில்தான் பலன் இருக்கிறது. தேய்ப்பது வாரம் இரண்டு முறை, க்ரீம் தினமும். ரத்தம் கசியும் ஆழமான பிளவில் யூரியா எரியும், அது மூடும்வரை வாசலின் மட்டும். உருக்கிய மெழுகை ஊற்றும் வழக்கம் சூட்டுக்காயத்தில் முடியும். பிளேடால் சீவுவது இன்னும் மோசம். 3 வாரம் விடாமல் செய்தும் குறையாவிட்டால் சொரியாசிஸ், கரப்பான், தைராய்டு குறைவு ஏதேனும் இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும்.

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் வலி

எழுந்து முதல் சில அடிகள் குத்தும், நடக்க நடக்கக் குறையும், சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை குதிகால் எலும்பில் ஒட்டும் இடம் நைந்துபோவதுதான் இதற்குக் காரணம். எக்ஸ்ரேயில் 'எலும்பு முள் வளர்ந்திருக்கிறது' என்று சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. அதை வெட்டி எடுக்கத் தேவையில்லை.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே பயிற்சியைச் செய்ய வேண்டும். வலிக்கிற காலை மற்றத் தொடை மேல் போட்டு, கையால் கால்விரல்களை முழங்கால் பக்கமாக வளையுங்கள். உள்ளங்காலில் நார் கம்பியாக இறுகுவதை மற்றக் கையால் தொட்டுப் பார்க்கலாம். 10 விநாடி பிடித்து விட்டு, 10 முறை. ஒரு நாளில் 3 வேளை. அடுத்தது கெண்டைக்காலுக்கு: சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். 30 விநாடி, 3 முறை. குதிகால் எழுந்துவிட்டால் பயன் இல்லை, பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சாயங்காலம் ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணி சுற்றித் தரையில் போட்டு 10 நிமிடம் உள்ளங்காலால் உருட்டலாம்.

வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட வேண்டும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைத்துக்கொண்டே பயிற்சி மட்டும் செய்தால் குறையாது. இது மெதுவாக ஆறும் நோய். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலே சரியாகிவிடும். 6 வாரம் முறையாகச் செய்தும் மாற்றமே இல்லை, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் அங்குள்ள கொழுப்பு மெத்தை கரையும், நார் அறுந்துபோகவும் கூடும்.

ஆணியா, மருவா

நேராக மேலிருந்து அழுத்தினால் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினால் வலிப்பது மரு. மருவின் மேல் தோல் ரேகைகள் தடைபட்டு, கரும்புள்ளிகள் தெரியும். ஆணி, செருப்பின் அழுத்தத்தால் வருவது. அழுத்தம் நீங்காமல் எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வரும். ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன் மேல் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் செருப்பு உங்களுக்குக் குறுகல். சாலிசிலிக் அமில பிளாஸ்திரி நல்ல தோலையும் அரிக்கும், ஆணியின் அளவுக்கே வெட்டி ஒட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தொடவே கூடாது.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டி எடுக்காதீர்கள். ஓரம் சதைக்குள் ஏறி வலித்தால் சில நாள் இளஞ்சூட்டு நீரில் தினம் 3 முறை 10 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். சீழோ பிதுங்கிய சதையோ வந்துவிட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு நக ஓரத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை.

பெருவிரல் மூட்டு இரவோடு இரவாகச் சிவந்து, போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாமல் வலித்தால் யூரிக் அமிலமாக இருக்கலாம். மதுவும், சாளை, நெத்திலியை அதிகம் சாப்பிடுவதும் தூண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு சாதாரணமாகக் காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். எண்ணெய் போட்டு நீவித் திருமுவது கூடாது.

முள், ஆணி, மீன் முள்

கெளுத்தி, திருக்கை குத்தினால் விஷம் சூட்டில் செயலிழக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருங்கள். சூட்டைக் காயம்படாத கையால் பார்த்த பிறகே கால் இறங்க வேண்டும். குத்துப்பட்ட காலின் உணர்வை நம்பக்கூடாது. முள் முறிந்து உள்ளே இருந்தாலும், காயம் ஆழமாக இருந்தாலும் வலி குறைந்ததும் மருத்துவமனைக்குப் போங்கள். கடல்நீர்க் கிருமிகள் வேகமாகப் பரவுபவை.

ரப்பர் செருப்பைத் துளைத்து ஆணி ஏறினால், துருவை விடச் செருப்பின் துணுக்கும் அதிலுள்ள கிருமியும்தான் ஆபத்து. மேல் ஓட்டை இரண்டு நாளில் மூடிவிடும். ஒரு வாரம் கழித்து வலி மறுபடி தொடங்கினால் எலும்புவரை சீழ் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். அழுக்கான காயம் என்றால், கடைசி ரணஜன்னி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். காபித்தூள், சாம்பல், மஞ்சள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

சிவாலய ஓட்டத்தில் முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம்வரை 12 கோவிலுக்கும் வெறுங்காலோடு போகிறவர்களுக்கு வருவது கொப்புளம். சிறியதாக, உடையாமல் இருந்தால் அப்படியே மூடிக்கட்டுங்கள். பெரிதாக இறுகியிருந்தால் கழுவி, புதிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடியவிடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு இல்லை. சர்க்கரை உள்ளவர்கள், உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மாசித் தார்ச்சாலையில் இறங்கவே கூடாது. சுசீந்திரம் போன்ற கோவில்களின் கல்தரையில் உச்சிவெயிலிலும் இதே கதைதான். அவர்கள் காலையிலோ அந்தியிலோ சாக்ஸ் போட்டுக்கொண்டு போகலாம்.

காத்திருக்கக் கூடாதவை

கால் திடீரென வெளுத்து அல்லது நீலம் பாரித்து, குளிர்ந்து, மரத்து வலித்தால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. 108-ஐ அழையுங்கள், 6 மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது கடினம். விரல் கறுப்பது, சிவப்பு மேலேறுவது, புண்ணோடு காய்ச்சல், தொட்டால் நறநறப்பது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது எல்லாம் அதே நாள் வேலை.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கும். புண் இருக்காது, வலியும் அதிகம் இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நடந்துகொண்டிருப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் காலில் பாரம் விழக்கூடாது. மருத்துவரிடம் 'சார்க்கோ பாதமா?' என்று கேட்டே பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது, ஏற்கெனவே புண் வந்து ஆறியிருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை.

பாதத்துக்கென்றே படித்த போடியாட்ரி நிபுணர் நம் பக்கம் அரிது. ஆகவே நோய்க்கேற்ற கதவைத் தட்ட வேண்டும். தோல், பூஞ்சை, மரு, உணர்ச்சியற்ற தேமல் என்றால் தோல் பிரிவு. குதிகால் வலி, எலும்பு, வளைந்த விரல் என்றால் எலும்பு பிரிவு. சீழ், ஆறாத புண், நகம் என்றால் பொது அறுவைப் பிரிவு. இந்தப் பிரிவுகள் மூன்றும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்டு. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் ரத்தக்குழாய் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் ஆறாத புண் பெரும்பாலும் நரம்புச் சுருட்டலால் (கால் சிரைகள் வீங்கி நெளிவதால்) வருவது. அதற்கு இறுக்கிக் கட்டும் கட்டு நல்லது, ஆனால் தமனி ஓட்டம் சரியா என்று பார்த்த பிறகே.

போகும்போது சாப்பிடும் மாத்திரைகளையும் கடைசிச் சர்க்கரை அளவையும் எடுத்துப்போங்கள். தினமும் போடும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், புதிதை வீட்டில் விடுங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் பாரம் எங்கே விழுகிறது என்று சொல்லிவிடுவார். உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். விரலிடுக்கு வார் இல்லாமல், பின்பக்கம் பட்டையோடு இருக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு கொடுங்கள், நீளமான விரலுக்கு முன்னால் 1 சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். புதிய செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்தச் செருப்பை அங்கே தளர்த்தித் தரச் சொல்ல வேண்டும்.